லைட்டு சரியில்ல

முதல்ல கட்டைவிரல் போச்சு, அப்புறம் பாதம், அப்புறம் முழங்கால், இப்ப இடுப்புக்குக் கீழ என்னுதுன்னு சொல்லிக்க ஒண்ணுமில்ல. ரெஜிலா சிஸ்டர் என் வலது கால பரங்கிக்காயத் தூக்குற மாதிரி ரெண்டு கையால தூக்கி அயோடின் தடவுது, அது யாரோ ஒருத்தர் கால், நான் பக்கத்துல நின்னு வேடிக்கை பாக்குறேன். முதுகுல ஊசி போடுறப்போ எறும்பு கடிச்ச மாதிரி இருக்கும், அசையாதீங்கன்னு இருபத்து மூணு வருஷமா இந்த டேபிள்ல படுத்த அத்தனை பேருகிட்டயும் நாந்தான் சொல்லியிருக்கேன். எறும்பு இல்ல அது. அத்தனை பேருகிட்டயும் ஒரு நாள் மன்னிப்புக் கேக்கணும், அட்ரஸ் எல்லாம் ரெஜிஸ்டர்ல இருக்கு. இந்த ஆஸ்பத்திரில எனக்கு வேலை மாவுக்கட்டு போடுறது, ஆபரேஷன்னா தியேட்டர்ல டாக்டர் தனுஷ்கோடிக்கு எதிர்ல நின்னு கேட்டத எடுத்துக் குடுக்குறது, பிடிக்கச் சொன்னதப் பிடிக்கிறது. முந்தாநாள் பிளாஸ்டர் ரூம்ல நானே சிந்துன மாவுத் தண்ணில நானே வழுக்கி விழுந்தேன். அந்த ரூம் செவத்துல 'ஈரத் தரை, கவனம்'னு என் கையெழுத்துலயே ஒரு அட்டை தொங்குது, அதப் பாத்துக்கிட்டேதான் விழுந்தேன். டாக்டர் எக்ஸ்ரேய ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடிச்சாரு, இடுப்புப் பந்துக்குக் கீழ உடைஞ்சிருக்குய்யான்னாரு, கொஞ்ச நேரம் கழிச்சு, மதுரைக்கு எழுதித் தரவான்னாரு. என்னயப் பாத்துக் கேக்கல, எக்ஸ்ரேயப் பாத்துக் கேட்டாரு. நீங்களே போடுங்க சார்னு சொல்லிட்டேன். யோசிச்சுக்கோன்னாரு. யோசிச்சுக்கிட்டேதான் இருக்கேன், ரெண்டு நாளா. இப்ப மணி ஒம்பதே கால், வெளிய குழாய் ஓடுற சத்தம் கேக்குது, அவர் கை கழுவுறாரு. நகம், விரலிடுக்கு, முழங்கை வரைக்கும், அஞ்சு நிமிஷம் கழுவுவாரு. குழாய் நிக்கிறதுக்குள்ள சொல்லிறணும். சார், நான் மதுரைக்கே போயிக்கிறேன். அவ்வளவுதான். மாசத்துக்கு நாப்பது தடவ வாசல்ல நின்னு யார் யாருக்கோ சொல்ற வார்த்தை, மதுரைக்குப் போயிருங்க, இங்க முடியாதுன்னு. எனக்குன்னு சொல்லணும்னா மட்டும் நாக்கு பிளாஸ்டர்ல ஊறின பஞ்சு மாதிரி கெடக்கு.

இதே டாக்டரப் பத்தி ரெண்டு பக்கம் எழுதி வச்சிருக்கேன், அது பிளாஸ்டர் ரூம் டிராயர்ல, கத்தரிக்கோலுக்கு அடியில இருக்கு. அடுத்த மாசம் டாக்டருங்க சங்கத்துல அவருக்குப் பாராட்டு விழா, இந்த ஊருக்கு வந்து முப்பத்தஞ்சு வருஷம். தொழில் வாழ்க்கைக் குறிப்புன்னு ஒண்ணு எழுதி அனுப்பணுமாம், மேடையில வாசிப்பாங்களாம். உன் கையெழுத்துதான்யா நல்லாருக்கும், நீயே எழுதுன்னுட்டாரு. என் கையெழுத்து நல்லாருக்கும்தான். பகல்ல மில்லு, ராத்திரி பள்ளிக்கூடம்னு பத்தாவது முடிச்சவன் நான், அங்க நாப்பது பேருக்கு ஒரே ஒரு பல்பு, தெரியட்டும்னு வாத்தியார் எழுத்த பெருசு பெருசா எழுதச் சொல்லிப் பழக்கிட்டாரு. அதனால ரெண்டு பக்கம்னாலும் விஷயம் ஒரு பக்கம்தான் இருக்கும். டாக்டரோட தகப்பனார் போஸ்ட் மாஸ்டர். எம்.பி.பி.எஸ். முடிச்சு மலைமேல ஒரு ஆரம்ப சுகாதார நிலையத்துல நாலு வருஷம், அங்க வந்ததெல்லாம் பாம்புக்கடியும் பிரசவமும்தான், எலும்பு ஒண்ணே ஒண்ணு, அதுவும் ஜீப் டிரைவரோட சுண்டுவிரல். அந்தச் சுண்டுவிரல்லதான் எனக்கு ஆசை வந்துச்சுய்யான்னு சொல்லுவாரு, அத எழுதலாமா சார்னு கேட்டேன், எழுதாத, சிரிப்பாங்கன்னாரு. அப்புறம் எலும்புக்குன்னு தனியா டிப்ளமா படிச்சு, அரசாங்க வேலைய விட்டுட்டு இங்க வந்து போர்டு மாட்டினாரு. அன்னைக்கு இந்த ஊர்ல எலும்பு உடைஞ்சா மூங்கில் பட்டையும் முட்டைப் பத்தும் வச்சுக் கட்டுற வைத்தியருகிட்டதான் போவாங்க. முதல் வருஷம் இவருகிட்ட வந்தவங்க எல்லாம் அங்க போயிட்டு வந்தவங்கதான். ஆனா ஒருத்தர்கிட்டயும் அந்த வைத்தியரப் பத்தி ஒரு வார்த்தை தப்பா சொன்னதில்ல. வைத்தியருக்கே காரை எலும்பு உடைஞ்சப்போ இவருகிட்டதான் வந்தாராம், பின்வாசல் வழியா, தலையில துண்டப் போட்டுக்கிட்டு. இவரும் சீட்டு எழுதாம, பேர் கேக்காம கட்டுப் போட்டு அனுப்பியிருக்காரு. அத நான் எழுதல. ஆனா முந்தாநாள்லருந்து அதத்தான் நெனச்சுக்கிட்டு இருக்கேன். நான் மதுரைக்குப் போனா அதுவும் பின்வாசல்தான. நம்ம பேச்சிமுத்து இடுப்பு உடைஞ்சதுக்கு மதுரைக்குப் போயிட்டானாமே, அப்ப அந்த டாக்டருகிட்ட ஏதோ கோளாறு இருக்குன்னு டீக்கடையில முதல் ரவுண்டு டீ ஆறுறதுக்குள்ள பேசிருவாங்க. எங்க வீட்டுக்காரி செல்வக்கனி நேத்தே கேட்டா, "ஊருக்கெல்லாம் வழி சொல்றீக, உங்க எலும்புக்கு மட்டும் வழி தெரியலையா?"ன்னு. அவளுக்கு ஒண்ணும் தெரியாது, சும்மாதான் கேட்டா. சும்மா கேக்குறதுதான் சரியாக் குத்துது. குறிப்போட கடைசி வரி நல்லா வந்துச்சு, நானே ரெண்டு தடவ வாசிச்சுப் பாத்தேன். 'இன்றும் தம் கைகளாலேயே அறுவை சிகிச்சை செய்து வருகிறார்.' வாசிக்கக் குடுத்தேன். கண்ணாடிய ஏத்திவிட்டு முழுக்க வாசிச்சாரு, பேனாவ எடுத்தாரு, ஒரே ஒரு வார்த்தைய அடிச்சாரு. 'கைகளாலேயே.' அடிச்ச கோடு நேரா இல்ல, இந்தா தலைமாட்டுல மானிட்டர்ல என் நெஞ்சுத் துடிப்பு ஓடுதே, அப்படி ஏறி இறங்கி இருந்துச்சு. பேப்பர என் பக்கம் தள்ளிட்டு, அது எதுக்குய்யா, வேற எதால செய்வாங்கன்னாரு. நானும் ஆமா சார்னேன். அவர் எனக்கு ஏதோ சொல்லத்தான் அடிச்சாரா, இல்ல வார்த்தை அதிகமா இருக்குன்னுதான் அடிச்சாரா, இன்னும் வெளங்கல.

குழாய் இன்னும் ஓடுது. மயக்க டாக்டர் ஷாகுல் தலைப்பக்கம் ஸ்டூல்ல உக்காந்து போன்ல கிரிக்கெட் பாக்குறாரு. "பேச்சியண்ணே, தூங்குறதுக்கு லேசா மருந்து ஏத்தவா? எந்திரிச்சா எல்லாம் முடிஞ்சிருக்கும்"ங்கறாரு. வேணாம் சார், பாத்துக்கிட்டே இருக்கேன்னு சொன்னேன். என்னத்தப் பாக்கப் போறீங்கன்னு சிரிக்கிறாரு. தூங்கிட்டா யாரு பிடிக்கிறதுன்னு மனசு சொல்லுது, கையப் பாத்தா ரெண்டு பக்கமும் பலகையில நீட்டி வச்சு நாடாவால கட்டியிருக்கு. இந்த இடது கைதான். ஆறு வருஷத்துக்கு முன்னாடி ஒரு கரும்பு லாரிக்காரருக்குக் கணுக்கால் ஆபரேஷன், டிரில்லக் கையில எடுத்த நம்ம டாக்டர் எலும்புகிட்டக் கொண்டுபோய் அப்படியே நின்னாரு. டிரில்லுன்னதும் ஞாபகம் வருது, நான் வேலைக்குச் சேந்தப்போ இங்க இருந்தது ஹார்டுவேர் கடையில வாங்குன டிரில்லு, கொதிக்க வச்ச துணியச் சுத்தி அதத்தான் பயன்படுத்துவாரு, அத வச்சே எத்தனை தொடை எலும்பு, ஒரு மயிரிழை நகராது. அவரோட அந்தக் கைதான் அன்னைக்கு முனைய வைக்க வேண்டிய இடத்துல வைக்க முடியாம நின்னுச்சு. மழைத்துளி விழுந்த வாழையிலை மாதிரி ஒரு சின்ன அசைவு. எனக்கு மட்டும் தெரிஞ்சுச்சு, நான்தான எதிர்ல நிக்கிறேன். "லைட்டு சரியில்ல, சரி பண்ணுய்யா"ன்னாரு. நான் லைட்டு பிடியத் தொடுறதுக்காகக் கைய எடுத்தேன், எடுக்குறப்போ என் இடது உள்ளங்கை அவர் மணிக்கட்டுக்கு அடியில பட்டுச்சு. நடுக்கம் நின்னுருச்சு. நான் கைய எடுக்கல. லைட்டத் தொடவும் இல்ல. "ம், இப்ப சரியா இருக்கு"ன்னு சொல்லி ஓட்டையப் போட்டாரு. அவ்வளவுதான் நடந்தது. அன்னைக்கும் பேசல, அதுக்கப்புறம் ஒருநாளும் பேசல. டிரில்ல எடுப்பாரு, லைட்டும்பாரு, நான் கைய வைப்பேன், ஒரு திண்டு மாதிரி, அழுத்தாம. ஆறு வருஷம். மயக்க டாக்டர் ஒருநாள், சார், எப்பப் பாத்தாலும் லைட்டு சரியில்லங்கறீங்க, புதுசு வாங்கிருங்கன்னு சொல்லிட்டாரு. வாங்கினாரு சார், நிஜமாவே வாங்கினாரு, ஜெர்மன் சாமான் மாதிரி பெருசா, இந்தா என் தலைக்கு மேல சூரியகாந்திப் பூவு கணக்கா தொங்குது. ஒரு பொய்க்கு லைட்டு வாங்கி மாட்டின ஆஸ்பத்திரி இந்தப் பக்கத்துல இது ஒண்ணாத்தான் இருக்கும். வந்த மறுநாளே டிரில்ல எடுத்துக்கிட்டு லைட்டுன்னாரு, நானும் கைய வச்சேன், ரெண்டு பேரும் ஒருத்தர ஒருத்தர் பாக்கல. வெளிய நோயாளிங்ககிட்ட என்னயக் காட்டி, "இவன் பேர்லதான்யா பேச்சு இருக்கு, வாயில கிடையாது"ன்னு கேலி பண்ணுவாரு. அது கேலின்னுதான் ரொம்ப நாள் நெனச்சேன்.

நான் இல்லாத நாள் ஒண்ணு இருந்துச்சு. அதத்தான் நெனைக்கக் கூடாதுன்னு படுத்திருக்கேன், அதுதான் வந்து நிக்கிது. என் மகள் கல்யாணத்துக்கு நான் நாலு நாள் லீவு. சத்துணவு சமைக்கிற சீதேவி அன்னைக்கின்னு பாத்து பள்ளிக்கூடப் படியில விழுந்துச்சு, இதே எலும்பு, இதே இடம். எனக்கு இப்பப் போடப் போறது எதுவோ அதுதான் அதுக்கும் போட்டாரு. முதல்ல ஒரு மெல்லிசுக் கம்பிய டிரில்ல மாட்டி எலும்புக்குள்ள விடணும், அது இடுப்புப் பந்துக்கு நட்டநடுவுல போய் நிக்கணும், நின்னுச்சுன்னா அது மேலதான் பெரிய ஸ்க்ரூ ஏறிப் போகும். கம்பி சரின்னா எல்லாம் சரி, கம்பி தப்புன்னா எல்லாம் தப்பு. லீவு முடிஞ்சு வந்து எக்ஸ்ரேயப் பாத்தேன். ஸ்க்ரூ நடுவுல இல்ல, மேல ஓரத்துல, கூரையில ஒட்டுன பல்லி மாதிரி இருந்துச்சு. ரெண்டாவது மாசம் கிழிச்சுக்கிட்டு வெளிய வந்துருச்சு. மதுரையில எடுத்துட்டு வேற வச்சாங்க, கால் அரை அங்குலம் கட்டையாப் போச்சு. எலும்பு வீக்கா இருந்துச்சும்மான்னு டாக்டர் சொன்னாரு, ஆமா சார், நான் பால் குடிக்கிறதே இல்லன்னு அது சொல்லுச்சு. அதோட வலது செருப்ப நாந்தான் செருப்புத் தைக்கிறவருகிட்டக் கொண்டுபோய் அரை அங்குலம் ஏத்தித் தச்சு வாங்கிட்டு வந்தேன். வாங்கிட்டு வர்றப்போ பஸ்ல செருப்ப மடியில வச்சிருந்தேன், எதுக்கு மடியில வச்சேன்னு தெரியல. இப்பவும் தெனம் எட்டரைக்கு நம்ம வாசல் வழியாத்தான் போகும், ஒரு பக்கம் சாஞ்சு சாஞ்சு, டாக்டர் கார் நின்னா ஒரு கும்பிடு போட்டுட்டுப் போகும். இன்னைக்குக் காலையில ஸ்ட்ரெச்சர்ல என்னயத் தியேட்டருக்குத் தள்ளிட்டு வர்றப்போ ஜன்னல்ல தெரிஞ்சுச்சு, "என்னண்ணே, நீங்களுமா? சார் கை ராசியான கை, ஒண்ணும் ஆகாது"ன்னு சத்தமாச் சொல்லிட்டுப் போச்சு. நான் லீவு போட்ட நாள்னு அதுக்குத் தெரியாது. இந்த ஊர்ல யாருக்கும் தெரியாது. நான் இருந்தா ராசியான கை, நான் இல்லாட்டி வீக்கான எலும்பு. இன்னைக்கு நான் இருக்கேன், ஆனா படுத்திருக்கேன், இத எந்தக் கணக்குல சேக்குறது. குழாய் நின்னுருச்சு.

கதவ முதுகால தள்ளிக்கிட்டு உள்ள வர்றாரு, ரெண்டு கையும் முகத்துக்கு நேரா தூக்கியிருக்காரு, முழங்கையில தண்ணி சொட்டுது, அந்தக் கை ரெண்டும் இப்ப சாமி கும்பிடுற மாதிரி அமைதியாத்தான் இருக்கு, சும்மா இருக்குறப்போ எப்பவும் அமைதியாத்தான் இருக்கும். "என்னய்யா, பயமா?" "இல்ல சார்." சொல்லிட்டேன். சொல்ல வேண்டியது அது இல்ல. நெஞ்சுக்கு மேல பச்சைத் துணிய உசத்திக் கட்டிட்டாங்க, அந்தப் பக்கம் அவங்க, இந்தப் பக்கம் நானும் மயக்க டாக்டரும் கிரிக்கெட்டும். கத்தி போட்டாச்சுன்னு சத்தத்துலயே தெரியுது, துணி வைக்கிற சத்தம், உறிஞ்சுற மெஷின் சத்தம், வலி இல்ல, யாரோ தூரத்துல என்னய ஒரு மூட்டை மாதிரி அசைக்கிறாங்க. தலையத் திருப்புனா எக்ஸ்ரே டிவி. ஓடுற எக்ஸ்ரே, உள்ள போறது அப்பப்பவே தெரியும். அதுல என் எலும்பு, பந்து ஒரு உருண்டை, கழுத்து, உடைஞ்ச கோடு. இருபத்து மூணு வருஷமா அடுத்தவங்களுது பாத்தாச்சு, நம்ம எலும்பும் அதே மாதிரி சாம்பல் கலர்லதான் இருக்கு, தனி மரியாதையெல்லாம் இல்ல. ஓரத்துல கம்பி முனை வந்து நிக்கிது. நிக்கல. ஆடுது. மழைத்துளி விழுந்த வாழையிலை. "லைட்டு சரியில்ல"ங்கறாரு. கிரீச்சுன்னு மேல ஒரு சத்தம், அந்த சூரியகாந்திப் பூவோட கழுத்து திரும்புற சத்தம், வாங்கினதுலருந்து இன்னைக்குத்தான் அது வேலை பாக்குது. "இப்ப பாருங்க சார்"னு ரெஜிலா சொல்லுது. முனை ஆடுது. எலும்புல பட்டு வழுக்கி மேல போச்சு, திரும்பக் கீழ வந்துச்சு. "லைட்டும்மா." திரும்பவும் கிரீச். "சார், நீங்க டிவியப் பாத்துத்தானே கம்பி விடுறீங்க, லைட்டு எதுக்கு சார்?" நாகர்கோவில் பக்கத்துப் பொண்ணு, கேள்விய நேராக் கேக்கும்.  நான் நாடாவ இழுத்துப் பாத்தேன், நானே போன வாரம் மாத்துன புது நாடா, நல்லா கட்டியிருக்கு. முனை மேல போகுது, பல்லி இருந்த இடத்துக்கே போகுது, எட்டரை மணி, சாஞ்சு சாஞ்சு, கும்பிடு. டிரில் ஒரு தடவ சுத்தி நின்னுச்சு. மூணாவது தடவ, ரொம்ப மெதுவா, யாருகிட்டயும் சொல்லாத மாதிரி, "லைட்டு"ன்னாரு. அது சிஸ்டருக்குச் சொன்னது இல்ல. துணிக்கு இந்தப் பக்கம் சொன்னது.

"சிஸ்டர்." என் குரல் எனக்கே யாரோ மாதிரி இருந்துச்சு. "என்ன அண்ணா, நோவுதா?" "இல்ல. லைட்ட விட்டுருங்க. சாரோட மணிக்கட்டுக்கு அடியில உங்க இடது உள்ளங்கைய வைங்க. அழுத்தாதீங்க, சும்மா திண்டு மாதிரி. அதுக்குப் பேருதான் லைட்டு." மயக்க டாக்டரோட போன்ல யாரோ நாலு அடிச்சாங்க, ஜனங்க கத்துது, அவர் அத அமத்திட்டாரு. மானிட்டர்ல என் நெஞ்சு மட்டும் டிக் டிக்குங்குது. பச்சைத் துணிக்கு மேல டாக்டர் எட்டிப் பாத்தாரு, மாஸ்க்குக்கு மேல கண்ணு ரெண்டு மட்டும். கோவம் இருக்கும்னு பாத்தேன். இல்ல. பஸ்ஸ விட்டவர் மாதிரி இருந்தாரு. "மதுரைக்கு எழுதித் தரவான்னு கேட்டேன்லய்யா." "கேட்டீங்க சார்." "போயிருக்கலாம்ல." "போயிருக்கலாம் சார்." கண்ண சிஸ்டர் பக்கம் திருப்பினாரு. "அவர் சொன்ன மாதிரி வைம்மா"ன்னாரு. இருபத்து மூணு வருஷத்துல என்னய அவர்னு சொன்னது இன்னைக்குத்தான். முனை நின்னுச்சு. டிரில் சத்தம் ஒரே சீரா வந்துச்சு, டிவில கம்பி உருண்டைக்குள்ள போகுது, போகுது, நட்டநடுவுல நிக்கிது. அந்தக் கம்பி மாதிரி ஒரு கம்பிய நான் பாத்ததே இல்ல, இல்ல, பாத்திருக்கேன், நெறைய. ஸ்க்ரூ, பிளேட்டு, ஆணி, சுத்தியல் சத்தம், எல்லாம் பழகுன சத்தம்.  கடைசியில தையலுக்கு வந்தப்போ டாக்டர் "லைட்டு"ன்னாரு. சிஸ்டர் மணிக்கட்டுக்கு அடியில கைய வச்சிருச்சு போல, அவர் குரல், "இல்லம்மா, கைய எடு. இது நிஜ லைட்டு. உள்ள இருட்டா இருக்கு." கிரீச். அப்புறம் துணிக்கு அந்தப் பக்கமிருந்தே, "பேச்சிமுத்து." "சார்." "அந்தக் குறிப்புல கடைசி வரி. வருகிறார்னு இருக்குல்ல." "ஆமா சார்." "அது வேணாம்." "வந்தார்னு போட்டுரவா சார்?" "போட்டுரு." ஊசி நூல இழுக்குற சத்தம் கேட்டுச்சு. அழிக்கிற வெள்ள மை பாட்டில் அதே டிராயர்லதான் இருக்கு, கத்தரிக்கோலுக்குப் பக்கத்துல, சாவி என் சட்டைப் பையில. நான் எந்திரிச்சு அந்த ரூம் வரைக்கும் நடக்க எப்படிப் பாத்தாலும் ஒரு மாசம் ஆகும். அதுவரைக்கும் பேப்பர்ல செய்து வருகிறார்தான்.